இமயத் தும்பியும் ஜப்பான் தும்பியும்: ஒப்பிட்டு எழுத நினைப்பவர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்லும் வழி

இரண்டே இரண்டு தும்பிகள். ஒன்று இமயமலை ஓடைகளில் இருக்கிறது, இன்னொன்று ஜப்பான் மலை ஓடைகளில். இரண்டையும் ஒப்பிட்டு நாலு பக்கம் எழுதித் தர எனக்கு ஐந்து மாதம் ஆனது. மூன்று வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. நடுவில் வாங்க வேண்டாத கட்டுரைக்குப் பணம் கட்டினேன், வரைபடத்தைத் தப்பாகப் படித்தேன், சட்டப் புத்தகத்தில் பெயரே இல்லை என்று எழுதிவிட்டு அப்புறம் அடித்தேன். கல்லூரித் திட்டக்கட்டுரைக்காகவோ, இயற்கை ஆர்வத்திலோ நீங்களும் இதே மாதிரி ஒரு ஒப்பீட்டில் இறங்கப்போகிறீர்கள் என்றால், எந்த வரிசையில் போனால் அடி குறையும் என்று கீழே சொல்கிறேன். நான் எடுத்துக்கொண்ட ஜோடி எபியோஃபிளீபியா லெய்ட்லாவி, எபியோஃபிளீபியா சூப்பர்ஸ்டீஸ். இங்கே இமயத் தும்பி, ஜப்பான் தும்பி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். வேறு ஜோடியை எடுத்தாலும் வரிசை இதுதான்.

1. முதலில் பெயர்

ஒரு நாள் முழுக்கப் பெயருக்கு ஒதுக்குங்கள். "இந்தப் பேரினத்தில் உலகத்திலேயே இரண்டு இனம்தான்" என்று பல இடங்களில் படிப்பீர்கள். அதை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். 2012இல் வடகிழக்குச் சீனாவின் ஹெய்லோங்ஜியாங்கிலிருந்து எபியோஃபிளீபியா சினென்சிஸ் என்று ஒன்றை விவரித்தார்கள். அதே ஆண்டில் சிச்சுவானிலிருந்து கிடைத்த லார்வாக்களை (நீருக்குள் வாழும் இளம்பருவத்தை) வைத்து எபியோஃபிளீபியா டயானா என்று இன்னொன்றும் வந்தது. போதாக்குறைக்கு, இமயத்ததையும் ஜப்பானியதையும் மரபணு வழியாக ஒப்பிட்டவர்கள், இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளிக்கு இவ்வளவு குறைவான வேறுபாடா என்று வியக்கும் அளவுக்கு இரண்டும் நெருக்கமாக இருப்பதைக் கண்டார்கள். அதனால் 2012க்கு முந்தைய நூல் எதையும் இன எண்ணிக்கைக்கு நம்ப வேண்டாம்.

இன்னொரு சிக்கல், இது எந்த வகைக்குள் வருகிறது என்பது. நம் ஊரில் தட்டான், ஊசித்தட்டான் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வோம்: உட்காரும்போது இறக்கையை விரித்து வைத்தால் தட்டான், மடித்து வைத்தால் ஊசித்தட்டான். இந்த இரண்டு தும்பிகளும் அந்தக் கணக்கில் அடங்காது. உடம்பு தட்டான் மாதிரி தடித்திருக்கும். ஆனால் முன் இறக்கையும் பின் இறக்கையும் ஏறத்தாழ ஒரே வடிவில், அடியில் குறுகி, ஊசித்தட்டானுடையது போல இருக்கும். உட்காரும்போது மடித்தும் வைக்கும். தொடக்கநிலைக் கையேட்டை வைத்துக்கொண்டு படிப்படியாக அடையாளம் காணப் போனால் முதல் கேள்வியிலேயே தப்பான கிளைக்குள் போய்விடுவீர்கள். நான் போனேன்.

2. பரவல் வரைபடத்தை நம்புவதற்கு முன்

ஜப்பான் தும்பி ஹொக்கைடோ முதல் கியூஷு வரை, காடு சூழ்ந்த குளிர்ந்த மலை ஓடைகளில் இருக்கிறது. இமயத் தும்பி நேபாளம், டார்ஜிலிங் மலைகள், பூடான் பக்கம், பெரும்பாலும் 2,000 மீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும். இரண்டும் எங்கேயும் சந்திப்பதில்லை. இது உங்களுக்குப் பெரிய உதவி: எங்கே எடுத்த படம் என்று தெரிந்தால் பாதி அடையாளம் முடிந்தது.

எந்த உயிரினத்தை எங்கே பார்த்தார்கள் என்று பதிவு வைக்கும் இணையதளங்கள் ஜிபிஐஎஃப், ஐநேச்சுரலிஸ்ட். இரண்டிலும் பதிவுகளை இலவசமாக எடுக்கலாம், கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். ஆனால் நான் விழுந்த பள்ளம் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காப்பு நிலையில், அதாவது ஒரு இனம் அழியும் ஆபத்துக்கு எவ்வளவு அருகில் என்ற வரிசையில், "அச்சுறுத்தலை அண்மித்த" தொடங்கி அதற்கு மேலே உள்ள இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் வேண்டுமென்றே மறைத்துக் காட்டும். உண்மையான இடத்தைச் சுற்றி, பக்கத்துக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரும் ஒரு கட்டத்துக்குள் எங்கேயாவது புள்ளியைப் போட்டுவிடும். பிடித்து விற்பவர்களிடமிருந்து காப்பாற்றத்தான், நல்ல ஏற்பாடுதான். சமவெளியில் 20 கிலோமீட்டர் தள்ளினால் ஒன்றும் ஆகாது. இமயத்தில் 20 கிலோமீட்டர் என்பது குளிர்ந்த ஓக் காட்டுக்கும் வெக்கை அடிக்கும் பள்ளத்தாக்குக்கும் உள்ள தூரம். நான் அந்தப் புள்ளிகளை எடுத்து, உயர வரைபடத்தில் பொருத்தி, "இமயத் தும்பி 700 மீட்டரிலும் வாழ்கிறது" என்று பெருமையாக ஒரு வரி எழுதினேன். யாருமே சொல்லாத கண்டுபிடிப்பு! அப்புறம்தான் பதிவின் ஓரத்தில் "இடம் மறைக்கப்பட்டது" என்று இருந்ததைப் பார்த்தேன்.

ஆகவே: உயரம், வெப்பநிலை எதையும் மறைக்கப்பட்ட புள்ளியிலிருந்து கணக்கிடாதீர்கள். பதிவிலோ கட்டுரையிலோ உயரத்தை எழுத்தில் கொடுத்திருந்தால் மட்டும் எடுங்கள். நாட்டின் நட்டநடுவிலும், ஒரு நகரத்தின் மையத்திலும் உட்கார்ந்திருக்கும் புள்ளிகளையும் தூக்கிவிடுங்கள். அவை பழைய அருங்காட்சியகச் சீட்டுகளுக்குப் பின்னால் யாரோ தோராயமாகப் போட்ட ஆயங்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்). இந்த வடிகட்டலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

3. உருவத்தில் நேரத்தைக் கொட்டாதீர்கள்

இரண்டும் கறுப்பில் மஞ்சள் கோடும் பட்டையும், ஏறத்தாழ 5 செ.மீ. நீளம். பத்துப் பதினைந்து படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மஞ்சளின் அடர்த்தியை ஒப்பிட்டு இரண்டு வாரம் போக்கினேன். ஒரு பயனும் இல்லை. நிறம் வயதுக்கும், படத்தின் ஒளிக்கும் ஏற்ப மாறும். மூல விவரிப்பில் (அந்த இனத்தை முதன்முதலில் விவரித்த கட்டுரையில்) ஆண் வால்முனை உறுப்புகளைப் பற்றிச் சொன்னதை மட்டும் எடுத்துப் போட்டு நகர்ந்துவிடுங்கள். உங்கள் ஒப்பீட்டின் எடை அடுத்த இரண்டு படிகளில்தான் இருக்கிறது.

4. வாழ்க்கைச் சுழற்சி முதலில், சிவப்புப் பட்டியல் பிறகு

இந்த வரிசையை மாற்றாதீர்கள். எல்லோரும் நேராகச் சிவப்புப் பட்டியலைத் திறக்கிறார்கள். உயிரினங்களின் காப்பு நிலையைச் சொல்ல ஐ.யு.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) வெளியிடும் பட்டியல் அது. திறந்ததும் நிலையைக் காட்டும் ஒரு சுருக்கெழுத்து கிடைக்கிறது, அதோடு வேலை முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது.

நாம் குளக்கரையில் பார்க்கும் சாதாரணத் தட்டான்கள் பலவும் சில மாதங்களுக்குள், அதிகம் போனால் ஓராண்டில், முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வந்துவிடும். இந்த இரண்டும் அப்படியில்லை. ஜப்பான் தும்பி நீருக்குள் லார்வாவாக 5 முதல் 8 ஆண்டுகள் கிடக்கிறது. இமயத் தும்பியும் அதற்குக் குறையாமல் பல ஆண்டுகள் எடுக்கிறது. வேகமாக ஓடும் குளிர்ந்த ஓடையில் கல்லுக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்தால் பின்தொடையை வயிற்றின் பக்கவாட்டில் உள்ள வரிகளில் உரசிக் கரகரவென்று ஒரு ஒலி எழுப்பும். ஜப்பான் தும்பியின் லார்வா பறக்கும் பருவத்துக்கு முன் ஏறத்தாழ ஒரு மாதம் நீரை விட்டு வெளியேறி, கரையில் கல்லுக்கும் இலைக்குப்பைக்கும் அடியில் இருந்துவிட்டுத்தான் தோலை உரிக்கும். முட்டையையும் நீரில் தூவுவதில்லை. ஓடையோரப் பாசி, ஈரத்தாவரங்களின் திசுவுக்குள் செருகி வைக்கும்.

இதிலிருந்து மூன்று விஷயம் வருகிறது, மூன்றையும் உங்கள் கட்டுரையில் எழுதுங்கள்.

ஒன்று, ஒரு ஓடையில் நூறு லார்வா கண்டால் அந்த ஆண்டு நூறு தும்பி பறக்கும் என்று அர்த்தமில்லை. அதில் ஏழெட்டு வெவ்வேறு ஆண்டுகளின் பிள்ளைகள் கலந்திருக்கும். ஒரே ஒரு ஆண்டு ஓடையில் மண் சரிந்து மூடினால், அடுத்து வரவேண்டிய பல ஆண்டுகளின் தும்பிகள் சேர்ந்து போகும்.

இரண்டு, வசந்தத்தில் வலை வீசிவிட்டு "முதிர்ந்த லார்வா கிடைக்கவில்லை, எண்ணிக்கை சரிகிறது" என்று எழுதிவிட முடியாது. அது கரையேறியிருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. சிவப்புப் பட்டியலின் முதல் அளவுகோல், எண்ணிக்கை எவ்வளவு சரிந்தது என்பது. அதை அளக்கும் கால அளவு பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, எது நீளமோ அது. ஓராண்டில் முடிந்துவிடும் தட்டானுக்குப் பத்து ஆண்டுத் தரவு போதும். ஒரு தலைமுறைக்கு ஏழு ஆண்டு என்று வைத்தால் இந்த இரண்டுக்கும் இருபது ஆண்டுக்கு மேல் தொடர்ச்சியான தரவு வேண்டும். இமயத்தில் அப்படி ஒரே ஓடையை இருபது ஆண்டு யார் உட்கார்ந்து எண்ணப்போகிறார்கள்? இது புரிந்த பிறகுதான் பட்டியலில் உள்ள நிலை எனக்கு அர்த்தமாயிற்று.

5. சிவப்புப் பட்டியலை மேலிருந்து கீழே படிக்காதீர்கள்

ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் இமயத் தும்பிக்கு "அச்சுறுத்தலை அண்மித்த இனம்", சுருக்கமாக என்.டி. ஜப்பான் தும்பிக்குத் "தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்", எல்.சி. நான் முதலில் எழுதிய வரி: "இமயத் தும்பி அழியும் ஆபத்தில் உள்ளது, ஜப்பான் தும்பி பாதுகாப்பாக உள்ளது." இரண்டு பாதியும் தப்பு.

முதல் பாதி ஏன் தப்பு? அழியும் ஆபத்தில் உள்ளவை என்று அந்தப் பட்டியல் சொல்வது மூன்றே நிலைகளை: அழிவாய்ப்பு, அருகிய, மிக அருகிய. என்.டி. அந்த மூன்றில் சேராது. அது வாசலில் நிற்கிறது, உள்ளே வரவில்லை. என்.டி.க்கென்று தனியாக எண் வரையறையும் கிடையாது. மேலே உள்ள ஒரு நிலையின் வரையறையை ஏறக்குறைய எட்டிவிட்டால் இதில் போடுவார்கள். தமிழில் எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் எல்லா நிலைக்கும் சேர்த்து "அரிய வகை", "அழிந்துவரும்" என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். சுருக்கெழுத்தைக் கட்டாயம் பக்கத்தில் போடுங்கள்.

பின்பாதி ஏன் தப்பு? எல்.சி. என்பது "நிறைய இருக்கிறது, எண்ணிப் பார்த்தோம்" என்ற சான்றிதழ் இல்லை. இருக்கும் தகவலை வைத்துப் பார்த்தால் எந்த எச்சரிக்கை நிலையின் வரையறைக்குள்ளும் வரவில்லை, அவ்வளவுதான். ஜப்பானில் பல மாகாணங்கள் தங்களுக்கென்று தனிச் சிவப்புப் பட்டியல் வைத்திருக்கின்றன, அவற்றில் பலவற்றில் இதே தும்பி எச்சரிக்கை நிலையில் இருக்கிறது. உலக அளவில் ஒரு நிலை, மாகாண அளவில் இன்னொன்று, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. எல்லா மாகாணங்களுக்கும் இது பொருந்தாது, அதனால் நீங்கள் பேசும் மாகாணத்தின் பட்டியலைத் தனியாகத் திறந்து பாருங்கள். பட்டியல்கள் ஜப்பானிய மொழியில் இருக்கும். தும்பியின் ஜப்பானியப் பெயர் "முகாஷி தொம்போ", அந்தக் காலத் தும்பி என்று பொருள். அதை ஜப்பானிய எழுத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்கும், மொழிபெயர்ப்புச் செயலி போதும்.

சரி, பக்கத்தை எப்படிப் படிப்பது? மேலே வண்ணத்தில் இருக்கும் எழுத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் மதிப்பீடு செய்த ஆண்டு. பத்து ஆண்டு தாண்டியிருந்தால் பக்கத்திலேயே "புதுப்பிக்க வேண்டும்" என்று குறிப்பு இருக்கும். இரண்டு இனங்களின் மதிப்பீட்டு ஆண்டுகளும் வேறாக இருந்தால் அதைச் சொல்லாமல் ஒப்பிடக் கூடாது. அடுத்து எந்த அளவுகோல் என்று பாருங்கள். அதற்குப் பிறகு நியாயம் சொல்லும் பத்தி. எழுத்தை விட அந்தப் பத்தியில்தான் விஷயம் இருக்கும்.

பூச்சிகளுக்குப் பெரும்பாலும் பரப்பு சார்ந்த அளவுகோல்தான் பயன்படுகிறது, எண்ணிக்கைத் தரவு கிடைக்காததால். வாழிடப் பரப்பை 2 கி.மீ.க்கு 2 கி.மீ. கட்டங்களாகப் போட்டு எண்ணுகிறார்கள். 2,000 சதுர கி.மீ.க்குக் கீழே வந்தால் அழிவாய்ப்பு, 500க்குக் கீழே அருகிய, 10க்குக் கீழே மிக அருகிய. இதைப் படித்ததும் நான் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முப்பது இடத்தில் பதிவு, கட்டத்துக்கு நான்கு சதுர கி.மீ., ஆக 120 சதுர கி.மீ. 500க்குக் கீழே! "இது அருகிய இனம், பட்டியல்தான் தப்பு" என்று ஒரு பத்தி. புதிதாக வருகிற எல்லோரும் ஒருமுறையாவது இந்தக் கணக்கைப் போடுவார்கள் என்று நினைக்கிறேன். பரப்பு மட்டும் போதாது என்பதை நான் படிக்கவில்லை. வாழிடம் துண்டுபட்டிருப்பது அல்லது சில இடங்களில் மட்டும் இருப்பது, தொடர்ந்து சரிவது, கடுமையாக ஏறி இறங்குவது: இந்த மூன்றில் குறைந்தது இரண்டு கூடவே இருக்க வேண்டும். அது போக, முப்பது இடம் என்பது தும்பி இருக்கும் இடங்கள் அல்ல, மனிதன் போய்த் தேடிய இடங்கள். செங்குத்தான மலையில், பாதை இல்லாத ஓடைகளில் யாரும் கல்லைப் புரட்டிப் பார்த்ததில்லை.

பழைய நூல்களில் "அரியது", "தீர்மானிக்கப்படாதது" என்ற நிலைகள் வரும். 1994க்கு முந்தைய முறை அது, இப்போதைய நிலைகளோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்த முடியாது. "முன்பு அரியது, இப்போது என்.டி., ஆகவே நிலை மாறிவிட்டது" என்று எழுதினால் தும்பி மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது என்று யாராவது திருத்துவார்கள்.

6. சட்டம் வேறு, பட்டியல் வேறு

சிவப்புப் பட்டியலில் ஒரு இனம் இருப்பதால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. இமயத் தும்பி விஷயத்தில் நிலைமை தலைகீழ்: சிவப்புப் பட்டியலில் வெறும் என்.டி., ஆனால் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில், புலியும் யானையும் இருக்கும் அதே முதல் அட்டவணையில், பூச்சிகள் பகுதியில் இது இருந்தது. அந்த அட்டவணையில் இடம்பெற்ற ஒரே தும்பி இதுதான்.

அப்படியிருந்தும் நான் "சட்டத்தில் இல்லை" என்று எழுதினேன். காரணம் எழுத்துப்பிழை. சட்டத்தின் அட்டவணையில் பேரினப் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போய் "எபியோபிளீபியா" என்று அச்சாகியிருக்கிறது. சரியான எழுத்தைப் போட்டு ஆவணத்தில் தேடினால் எதுவும் வராது. எப்போதும் இனப்பெயரின் இரண்டாவது சொல்லை, இங்கே லெய்ட்லாவி, மட்டும் போட்டுத் தேடுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் பூச்சிகள் பகுதியைக் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

இன்னொன்று. 2022இல் சட்டத் திருத்தம் வந்து அட்டவணைகளை முழுக்க மாற்றி அமைத்தார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது மொத்தம் நான்கே அட்டவணை, அதில் விலங்குகளுக்கு முதல் இரண்டு. இணையத்தில் கிடைக்கும் பாதி ஆவணங்கள் பழைய அட்டவணைதான். திருத்தத்துக்குப் பிந்தைய பிரதியை எடுத்து, அட்டவணை எண்ணையும் வரிசை எண்ணையும் அதிலிருந்தே குறித்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணை எழுதுவதாக இருந்தால் "2022 திருத்தத்துக்கு முன்" என்று சேர்த்து எழுதுங்கள்.

7. நேரில் பார்க்கப் போவதென்றால்

ஒப்பீடு எழுத நேரில் போயே ஆக வேண்டும் என்றில்லை. போனால் ஓடை எப்படி இருக்கும் என்று புரியும், அதற்காகவே நான் போனேன். தும்பியைப் பார்த்தேனா? இல்லை. மே மாதக் கடைசியில் போய் ஐந்து நாளும் மூடுபனி.

பருவம்: பறக்கும் தும்பியைப் பார்க்க இமயத்தில் மே, ஜூன் தொடக்கம். அதற்கு மேல் மழை, மண்சரிவு, அட்டை. சிங்காலிலா தேசியப் பூங்கா மாதிரி அந்தப் பக்கக் காப்பகங்கள் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மூடியிருக்கும். ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை. மழைக்குப் பிறகு அக்டோபர், நவம்பரில் தண்ணீர் தெளிந்து ஓடைகளைப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பறக்கிற தும்பி இருக்காது.

அனுமதி: இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். சுற்றுலாப் பயணியாக நுழைவுச்சீட்டு வாங்கிப் பாதையில் நடந்து படம் எடுப்பது ஒன்று. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்வது இன்னொன்று, அதற்குச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். வலையில் பிடிப்பது மூன்றாவது. சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லுக்குள் பிடிப்பதும் அடங்கும், ஒரு நிமிடம் பிடித்துவிட்டு விட்டாலும் பிடித்ததுதான். முதல் அட்டவணை உயிரினத்தை ஆய்வுக்காகப் பிடிக்க 12ஆம் பிரிவின்படி அனுமதி கேட்க வேண்டும், அதற்கு மத்திய அரசின் முன் ஒப்புதலும் சேர்ந்து வர வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் நகராது. கல்லூரி அல்லது ஆய்வு நிறுவனத்தின் கடிதத்தாளில், வழிகாட்டி கையெழுத்தோடு, எந்த ஓடை, எந்தத் தேதிகள், எத்தனை பேர், எதைத் தொடுவீர்கள், எதைத் தொடமாட்டீர்கள் என்று தெளிவாக எழுதி, குறைந்தது மூன்று நான்கு மாதம் முன்னதாகவே அனுப்புங்கள். நான் பயணத்துக்கு இருபது நாள் முன்னால் அனுப்பினேன். ஊர் திரும்பிய பிறகுதான் "இணைப்பு இரண்டு இல்லை" என்று பதில் வந்தது.

உரித்துப்போட்ட தோலைக் கரையில் பார்த்தாலும் எடுத்துப் பைக்குள் போடாதீர்கள், அளவுகோலை வைத்துப் படம் எடுத்துவிட்டு அங்கேயே விடுங்கள். மாதிரி எதையாவது வெளிநாட்டுக்கு அனுப்பி மரபணு பார்க்கும் எண்ணம் இருந்தால், உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி தேசிய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அதன் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது, தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது ஒரு வசதி.

செலவு: நியூ ஜல்பைகுரி வரை ஸ்லீப்பர் ரயில், அங்கிருந்து பகிர்வு ஜீப்பில் டார்ஜிலிங் பக்கத்துச் சோனாடா, எளிய தங்கல், வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஏறத்தாழ 14,000 ரூபாய் ஆனது, ஐந்து நாள் தங்கினேன். இதில் பாதி ஜீப்புக்கும் வழிகாட்டிக்கும். இரண்டு பேராகப் போனால் அது பாதியாகும். நுழைவுக் கட்டணமும் கேமராக் கட்டணமும் அடிக்கடி மாறும், போவதற்கு முந்தின வாரம் வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நேபாளத்தில் காத்மாண்டுவை ஒட்டிய சிவபுரி மலையிலும் இமயத் தும்பி இருக்கிறது. இந்தியர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் அங்கே நேபாளச் சட்டம்தான் செல்லும், நம் சட்டத்தை அங்கே மேற்கோள் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

8. கட்டுரைக்குப் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு நாள் பொறுங்கள்

ஒரு பழைய ஆய்வுக் கட்டுரைக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய் கட்டினேன். மறுவாரம் அதே கட்டுரை, எழுதியவரின் பக்கத்திலேயே இலவசமாகக் கிடைத்தது. ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிக் கேட்டால் பெரும்பாலும் அனுப்பிவிடுகிறார்கள். நான் மூன்று பேரிடம் கேட்டேன், இரண்டு பேர் மறுநாளே அனுப்பினார்கள். கிழக்கு இமயத்தின் நன்னீர் உயிரினங்களைப் பற்றி 2010இல் ஐ.யு.சி.என். வெளியிட்ட அறிக்கையில் தும்பிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அது இலவசம், இமயத் தும்பி பற்றி எழுதுவதற்கு முன் அதைக் கட்டாயம் படியுங்கள். கோயம்புத்தூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் திரெட்டன்ட் டாக்ஸா இதழும் முழுக்க இலவசம், இந்தியத் தும்பிகள் பற்றி அதில் நிறைய இருக்கிறது.

9. எழுதும்போது

காப்பு நிலையை ஒரு சொல்லாக எழுதாதீர்கள், ஒரு வாக்கியமாக எழுதுங்கள். எந்தப் பட்டியல், எந்தப் பரப்புக்கு, எந்த ஆண்டு மதிப்பீடு, எந்த அளவுகோல், நீங்கள் எந்தத் தேதியில் பார்த்தீர்கள்: ஐந்தும் அதில் இருக்க வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பரவாயில்லை. என் கட்டுரையில் இரண்டு தும்பிகளுக்கும் அந்த வாக்கியத்தை ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்ட பிறகு, எது அதிக ஆபத்தில் என்று நான் தனியாகத் தீர்ப்பு எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ஜப்பானில் எத்தனை ஓடைகளைப் பார்த்திருக்கிறார்கள், இமயத்தில் எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறார்கள் என்பது படிப்பவர்களுக்கே தெரிந்தது.

அச்சுறுத்தல்களை எழுதும்போதும் இரண்டுக்கும் ஒரே பட்டியலை ஒட்டாதீர்கள். ஓடைக்கரைக் காட்டை வெட்டுவது, வண்டல் படிவது இரண்டுக்கும் பொது. ஜப்பானில் மண்சரிவைத் தடுக்க ஓடைகளின் குறுக்கே கட்டும் சிமெண்ட் தடுப்பணைகளைச் சேர்க்க வேண்டும். டார்ஜிலிங் பக்கம் ஊற்றிலிருந்தே குழாய் போட்டுத் தண்ணீரை எடுப்பதும், ஓடையில் வந்து சேரும் கழிவும். நான் நின்ற ஓடையில் ஏழு குழாய் எண்ணினேன்.

நேர அளவு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: பெயருக்கு ஒரு நாள், பரவலுக்கு மூன்று நாள், வாழ்க்கைச் சுழற்சிக் கட்டுரைகளுக்கு ஒரு வாரம், சிவப்புப் பட்டியலும் சட்டமும் சேர்த்து மூன்று நாள், எழுத ஒரு வாரம். பயணம் இதில் சேரவில்லை. கட்டுரையைக் கொடுப்பதற்கு முந்தின நாள் இரவு இரண்டு இனங்களின் பட்டியல் பக்கங்களையும் மறுபடி ஒருமுறை திறந்து பாருங்கள். மதிப்பீடுகள் நமக்குச் சொல்லிவிட்டு மாறுவதில்லை.